ஊர்க் கண்மாய்க்குச் சிங்கப்பூரிலிருந்து கைகொடுப்பது எப்படி? மண், நீர், உயிர்ச்சூழலை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் சிங்கப்பூரின் தேக்காவில் கூடினால் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். கண்மாய் (ஏரி) நிறையவில்லை, கிணறு வற்றிவிட்டது, தாத்தா உழுத வயல் சீமைக் கருவேலங்காடாகிவிட்டது. டீ ஆறுவதற்குள் யாராவது ஒருவர் சொல்வார்: "ஆளுக்கு ஐந்நூறு வெள்ளி போட்டா தூர்வாரிடலாம்லண்ணே?"

வாரிவிடலாம். மனமும் பணமும் நம்மிடம் இருக்கின்றன. கெட்டுப்போவது வேலையின் வரிசை. முதலில் பணம், அப்புறம் பொக்லைன், அப்புறம் திறப்பு விழா, அப்புறம் மழை. மழை பெய்தும் கண்மாய்க்குத் தண்ணீர் வராதபோதுதான், அதைக் கொண்டுவரும் வரத்துக் கால்வாயை யாரும் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை போன்ற கண்மாய்ப் பாசன ஊர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆற்றுப் பாசன டெல்டாவுக்கு மண், விதை பற்றிய பகுதிகள் பொருந்தும், நீர் பற்றியவை அப்படியே பொருந்தாது.

படி 1: ஊரைக் கேளுங்கள், எல்லாரையும் கேளுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் பேசுகிறவர்கள் மட்டும் ஊர் இல்லை. கண்மாயை நம்பி வாழ்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவில் இருக்கவே மாட்டார்கள். ஆடு மேய்ப்பவர், குத்தகைக்கு உழுபவர், நிலமே இல்லாமல் கண்மாயில் விறகு வெட்டிப் பிழைப்பவர், குடிநீர் சுமக்கும் பெண்கள், காலனிக்காரர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. வயல்காரருக்கு மடை, அதாவது வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு, திறக்க வேண்டும். மாடு வைத்திருப்பவருக்குக் கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். இரண்டும் எளிதில் ஒத்துப்போகாது. பேசித் தீர்க்காமல் மண்ணில் கைவைத்தால் முதல் வறட்சியிலேயே சண்டை வரும்.

முக்கியமாகத் தேட வேண்டியவர் நீர்க்கட்டி, அதாவது மடை திறந்து வயல்வாரியாகத் தண்ணீர் பாய்ச்சியவர். சில ஊர்களில் நீர்பாய்ச்சி என்பார்கள், மடையர் என்றும் சொல்வதுண்டு. பல ஊர்களில் இந்தப் பொறுப்பு அற்றுப்போய்விட்டது, ஆனால் அந்தக் குடும்பத்துப் பெரியவர் இருப்பார். எந்த மழைக்கு எந்த வாய்க்காலில் எவ்வளவு வரும், கலுங்கு (கண்மாய் நிறைந்து மிகுநீர் வழியும் இடம்) கடைசியாக எப்போது பாய்ந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரை ஒரு மணி நேரம் பேசவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பொறியாளரின் மதிப்பீடு அதற்குப் பிறகு வந்தால் போதும்.

முடிவு கிராம சபையில் தீர்மானமாக வர வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடும். மே 1 சிங்கப்பூரிலும் விடுமுறை என்பதால் நம்மவர்களுக்கு அதுவே வசதி. திருச்சிக்கு டிக்கெட் எடுக்குமுன் இந்தத் தேதிகளைப் பாருங்கள். சபையில் உங்கள் குடும்பத்துப் பெயரில் பேச வேண்டாம். ஊர்க்காரர் ஒருவர் கோரிக்கை வைக்கட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

படி 2: தண்ணீர் வரும் வழியை நடந்து பாருங்கள்

என் கணக்கில் இதுதான் மொத்த வேலையில் பாதி. ஒரு கண்மாய்க்கு நீர்ப்பிடிப்பு, வரத்துக் கால்வாய், உள்வாய் (தண்ணீர் தேங்கும் பரப்பு), கரை, மடை, கலுங்கு, ஆயக்கட்டு (தண்ணீர் பாயும் வயல்கள்) என்று உறுப்புகள் உண்டு. நம் கண்ணில் படுவது உள்வாயும் கரையும்தான். நோய் பெரும்பாலும் வரத்துக் கால்வாயில் இருக்கும். அதை உழுது வயலோடு சேர்த்திருப்பார்கள், குறுக்கே ரோடு போட்டுச் சின்னதாய் ஒரு குழாய் பதித்திருப்பார்கள், இல்லையென்றால் செங்கல் சூளை மண்ணால் மூடியிருப்பார்கள்.

இந்தப் படியில் பாதியை உங்கள் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். கால்வாய் எந்த ஆண்டுவரை கோடாகத் தெரிந்தது, எந்த இடத்தில் மறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையச் சேவையில் அ-பதிவேடும் புல வரைபடமும் கிடைக்கும். எந்தெந்தப் புல எண் 'வாய்க்கால் புறம்போக்கு', எது 'கண்மாய் புறம்போக்கு' என்பது அதில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் ஆக்கிரமிப்பு எங்கே என்று ஊரில் யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும். அதை வாட்ஸ்அப்பில் போட்டு யாரையும் அவமானப்படுத்தாதீர்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது, அது அதிகாரிகளின் வேலை. பல இடங்களில் ஊர்ப் பெரியவர்கள் போய்ப் பேசினாலே வாய்க்காலுக்கு வழி விட்டுவிடுவார்கள்.

அப்புறம் நேரில் நடங்கள். கலுங்கில் தொடங்கி மேல்நோக்கி, மேல் ஊர்க் கண்மாயின் கலுங்குவரை போங்கள். இந்தப் பகுதிக் கண்மாய்கள் சங்கிலித் தொடர். மேலே உள்ளது நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழே உள்ளதற்குத் தண்ணீர். நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: வடகிழக்குப் பருவமழை பெய்யும் நேரம் அது, தண்ணீர் எங்கே திசைமாறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஏக்கர் உள்வாயை ஓரடி ஆழப்படுத்தினால் கூடுதலாகச் சுமார் 1.2 கோடி லிட்டர் கொள்ளும். பெரிய எண்தான். ஆனால் கால்வாய் அடைபட்டிருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஆகவே கையில் குறைந்த பணம்தான் இருக்கிறதென்றால் கால்வாயையும் மடைப் பழுதையும் மட்டும் செய்யுங்கள், தூரை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். ஃபோட்டோவில் எடுப்பாக இருக்காது, சரி, ஆனால் கண்மாய் நிறையும்.

கலுங்கின் உயரத்தை மட்டும் கூட்டாதீர்கள். 'இன்னும் ஓரடி தண்ணீர் நிற்கும்' என்று ஆசை காட்டுவார்கள். கீழூருக்குப் போகிற பங்கு குறையும், பெருமழையில் கரையும் உடையும்.

படி 3: பணம் சட்டப்படி போகும் வழி

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்கென்று பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அப்படித் திரட்டும் நிதியில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி, விலக்கையும் ஆணையரிடமே கேட்க வேண்டும். ஆகவே முகநூலில் பணம் அனுப்புவதற்கான பேநவ் எண்ணைப் போட்டு "ஊர்க் கண்மாய்க்கு உதவுங்கள்" என்று எழுதுவது வேண்டாத வேலை. தொழிலாளர் தங்குவிடுதிகளில் உண்டியல் சுற்றுவதும் அப்படியே. அங்கிருக்கும் தம்பிகள் மாதச் சம்பளத்தில் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் கேட்காமலிருப்பதே மரியாதை.

இந்தியப் பக்கம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 இருக்கிறது. உங்களிடம் இந்தியக் கடப்பிதழ் இருந்தால், சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டால், இந்திய வம்சாவளி அட்டை வைத்திருந்தாலும், உங்கள் நன்கொடை வெளிநாட்டுப் பணம்தான். அந்தச் சட்டத்தில் பதிவோ முன்அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம், அதுவும் ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைப்பு உங்கள் பணத்தை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது, வேலையை அதுவேதான் செய்ய வேண்டும். மச்சான் கணக்குக்கு அனுப்பி, மச்சான் சங்கத்துக்குக் கொடுப்பது என்ற குறுக்கு வழியில் மாட்டுவது மச்சான்தான்.

கண்மாய்ப் பாசனத்தில் நீண்ட அனுபவம் உள்ள அமைப்புகள் உண்டு. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை 'வயலகம்' என்ற பெயரில் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களை அமைத்து வருகிறது. எந்த அமைப்பானாலும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஊர் மக்கள் ஒரு பங்கு போட, மீதியை அரசு சேர்த்துச் செய்யும் 'நமக்கு நாமே' திட்டத்தையும் ஊராட்சியில் விசாரியுங்கள்.

ஊரும் பங்கு போடட்டும், உழைப்பாகவோ டிராக்டராகவோ கொடுத்தாலும் பங்குதான். முழுச் செலவையும் சிங்கப்பூர் ஏற்றால் அது சிங்கப்பூர்க்காரர் கண்மாய் ஆகிவிடும், அடுத்த ஆண்டு மடை ஒழுகினாலும் உங்களுக்குத்தான் போன் வரும்.

படி 4: தூர் எடுப்பது

ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையின் கையில், குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். அவர்களின் அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணும் எடுக்கக் கூடாது. மாசிக்குள் அனுமதி கையில் இருந்தால் பங்குனி, சித்திரை, வைகாசியில் வேலை முடியும்.

இரண்டு விதமான மண் இருப்பதை மறக்காதீர்கள். மேலே படிந்த வண்டல் வயலுக்கு உரம். அதற்குக் கீழே இருப்பது கட்டட வேலைக்கு விற்கும் சவுடும் கிராவலும், அவை லாரிக்காரருக்குக் காசு. 'இலவசமாகவே தூர்வாரித் தருகிறோம்' என்று யாராவது வந்தால் அவர் கண் கீழே இருக்கிறது என்று அர்த்தம். வண்டல் முடிந்து கெட்டித் தரை தட்டியதும் நிறுத்த வேண்டும். அதையும் கிழித்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிப் போகும். அங்கங்கே கிணறு மாதிரிக் குழி விழுந்தால் மழைக்காலத்தில் குளிக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து. கரையின் அடிவாரத்தில் மண் எடுக்கவே கூடாது. மடைக்கு முன்னால் சமமாகச் சரிவு இருக்கட்டும், ஒரு மூலையில் மட்டும் ஆழமான பள்ளம் விடுங்கள். கோடையில் மாட்டுக்கும் மீனுக்கும் அதுதான் புகலிடம்.

பொக்லைனுக்கு மணிக்கணக்கில் வாடகை. வண்டியிலேயே மணிமீட்டர் இருக்கும். காலையில் தொடங்கும்போதும் மாலையில் நிறுத்தும்போதும் அந்த எண்ணைப் படமெடுத்து, பக்கத்தில் டீசல் ரசீதையும் வைத்துக் குழுவில் போடச் சொல்லுங்கள். யாரையும் சந்தேகப்படுவதாக ஆகாது, முதல் நாளிலிருந்தே வழக்கமாக்கிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஊர்க் குடிநீர்க் குளமான ஊருணியைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், கம்பி வேலி, கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் என்பது நம்மவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். நேர்க்கோட்டில் ஓடிய சிமெண்ட் கால்வாயை உடைத்து, காலாங் ஆற்றை மண்கரையும் செடியுமாக வளைந்து ஓடவிட்டு, 2012இல் திறந்தார்கள். இன்று அங்கே நீர்நாய்க் குடும்பங்கள் உலவுகின்றன. பணக்கார நாடு காசு கொடுத்து உடைத்த சிமெண்டை நாம் காசு கொடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டுமா? படித்துறை ஒன்றுக்குக் கல் போடுங்கள், மீதிக் கரைக்கு வெட்டிவேரும் அறுகும் போதும்.

படி 5: சீமைக் கருவேலம்

வெட்டினால் துளிர்க்கும், வேரோடு பிடுங்கினால்தான் போகும். ஈரம் இருக்கும்போது பிடுங்குவது எளிது. அதன் காயை ஆடுமாடு தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும், ஆகவே பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்குக் கண்டிப்பாக நாற்று முளைக்கும். அதைச் சின்னதிலேயே கையால் பிடுங்க ஆள் வேண்டும். இரண்டாம் மூன்றாம் ஆண்டுக் கூலியை முதலிலேயே ஒதுக்காமல் இதில் இறங்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கரி மூட்டம் போட்டு வாழும் குடும்பங்கள் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் நிறைய. அவர்களுக்கு அந்த மரம் எதிரி இல்லை, அரிசி. ஒரே கோடையில் எல்லாவற்றையும் அழிக்காமல் கால்வாய், கண்மாய், தரிசு வயல் என்று பகுதி பகுதியாகப் போங்கள், வெட்டும் வேலையையும் விறகையும் அவர்களுக்கே கொடுங்கள். நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்ப்பறவைகள் கூடுகட்டும் மரம் அது. வண்டி ஓட்டுபவருக்கு இரண்டும் முள்மரம்தான், ஆகவே விட வேண்டிய மரங்களில் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிடுவது நல்லது.

படி 6: மண்

தண்ணீர் வந்த பிறகும் மண் செத்திருந்தால் பயனில்லை. முதலில் ஒரு சோதனை, செலவே கிடையாது. ஒரு வயலிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்றும், பக்கத்தில் உழாத மரத்தடியிலிருந்து இன்னொன்றும் எடுத்து, இரண்டு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். வயல் கட்டி சில நிமிடத்தில் பொலபொலவென்று கரைந்து தண்ணீர் கலங்கும். மரத்தடிக் கட்டி உருக்குலையாமல் கிடக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். இலைதழை மக்கிய சத்தும் நுண்ணுயிரும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. விவசாயிக்கு நீங்கள் விளக்கமே சொல்ல வேண்டாம், அவரே பார்த்துக்கொள்வார்.

அப்புறம் முறையான பரிசோதனை. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் சருகை விலக்கி, அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். வரப்போரம், எருக்குழிப் பக்கம், மரநிழல் வேண்டாம். மண்வள அட்டையில் காரஅமில நிலை, உப்பு, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல் சத்துகள் உட்பட 12 விவரம் வரும். நீங்கள் ஆண்டுக்காண்டு பார்க்க வேண்டியது கரிமச் சத்து என்ற ஒரு வரியை. அது ஏறினால் வேலை நடக்கிறது.

ஏற்றுவதற்கு வழிகள் ஊரிலேயே உண்டு. எனக்கு முதலில் தோன்றுவது ஆட்டுக்கிடை. கோடையில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையோடு வருவார்கள். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசி வயலில் கிடை போட்டால் சாணமும் மூத்திரமும் நேரே மண்ணில் இறங்கிவிடும், சுமக்கிற கூலி இல்லை. குறுவிவசாயிகளுக்குக் கிடைக் கூலியை ஏற்றுக்கொள்வது சிங்கப்பூர்ப் பணத்துக்கு நல்ல செலவு. அப்புறம் கண்மாய் வண்டல். மணல்சாரி நிலத்துக்கு அது வரம், ஏற்கெனவே களியாக உள்ள நிலத்துக்கு வேண்டாம்.

பசுந்தாள் உரத்தில் ஈரம் இருந்தால் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதை, பூக்கும் தறுவாயில், 45 நாளில் மடக்கி உழுவது. மானாவாரிக்குக் கொளுஞ்சி. ஆடுமாடு அதை மேயாது, ஒருமுறை விதைத்தால் தானே உதிர்ந்து மறுபடி முளைக்கும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன பலதானிய விதைப்பும் இதே வேலைதான்: தானியம், பயறு, எண்ணெய் வித்து, வாசனைப் பயிர், பசுந்தாள் என்று கலந்து விதைத்து, பூத்ததும் மடக்கி உழுவது.

ஜீவாமிர்தம் என்ற நுண்ணுயிர்க் கரைசலுக்கு, ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர். நல்லதுதான். ஆனால் மூடாக்கும் (மண்ணை மூடும் இலைதழை) மக்கும் இல்லாத நிலத்தில் அதை மட்டும் தெளிப்பது அரிசி போடாமல் உலைக்கு உப்புப் போடுவது போல.

ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரை ஐந்திலும் மாறச் சொல்லாதீர்கள், ஒரு ஏக்கர் போதும். ஒரேயடியாக உரத்தை நிறுத்தினால் முதல் சில ஆண்டு விளைச்சல் குறைய வாய்ப்புண்டு. 'இயற்கைக்கு மாறுங்கள்' என்று செங்காங்கிலிருந்து சொல்கிற நமக்கு மாதச் சம்பளம் வருகிறது, அவருக்கு வருவதில்லை. அந்த ஒரு ஏக்கரில் விளைச்சல் குறைந்தால் யார் தாங்குவது என்பதை நடவுக்கு முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: விதை, மரம், மீன், பறவை

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் பழக்கிய முறை எளிமையானது: 2 கிலோ பாரம்பரிய நெல் வாங்குகிறவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இதே கணக்கில் ஊரில் ஒரு விதைக் குதிர் தொடங்கலாம். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்றவை நீண்ட நாள் ரகங்கள். கண்மாயில் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்று பார்த்தே ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பூங்கார் போன்ற குறுகிய நாள் ரகம் பல ஊர்களுக்குப் பொருந்தும். அரிசியை வணிகமாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர உரிமம் வேண்டும், ஆகவே மதுரையிலும் திருச்சியிலும் விற்க வழி தேடுங்கள்.

மரம் நடுவதில் எண்ணிக்கைப் போட்டி வேண்டாம். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் அளவுக்கு மட்டும் நடுங்கள். கரையின் வெளிச்சரிவில் பனை விதை, கரையடியில் புங்கையும் மருதமும், மேட்டில் வேம்பு, புளி, இலுப்பை. கண்மாயின் உள்வாயில் 'குறுங்காடு' (நெருக்கமாக நட்ட சிறு காடு) வைக்க யாராவது திட்டம் கொண்டுவந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். திறந்த ஈர நிலமும் புல்வெளியும்கூட உயிர்களின் வீடுதான், எல்லா இடத்திலும் மரம் இருக்க வேண்டியதில்லை.

மீன்குஞ்சு விடுகிறவர் எதை விடுகிறார் என்று கேளுங்கள். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி உள்ளே போனால் விரால், அயிரை, நாட்டுக் கெளுத்தி எல்லாவற்றையும் தின்றுவிடும். மீன்பிடித் திருவிழா நடக்கும் ஊர் என்றால் இதை விளக்கவே தேவையில்லை.

சிவகங்கை மாவட்டக் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரைக் குழுவினருக்குக் காட்டிக் கூட்டி வாருங்கள். சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் பறவை பார்த்துப் பழகிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், டிசம்பரில் ஊர்ப்பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கண்மாய்ப் பறவைப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர்களையே எழுதட்டும். உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு அது உதவும்.

படி 8: திறப்பு விழாவுக்குப் பிறகு

திரட்டும் தொகையில் கால் பங்கையாவது முதல் நாளே பராமரிப்புக்கென்று தனியாக வையுங்கள். ஆண்டு வேலைகள் சில: ஆடியில் கால்வாய் முள் வெட்டுவது, புரட்டாசியில் மடைச் சட்டரும் கரை எலிவளையும் பார்ப்பது, மழைக்காலத்தில் இரவுக்காவல், தை முதல் தண்ணீர்ப் பங்கீடு. நீர்க்கட்டிக்கு ஊரே அறுவடையில் நெல் அளந்த வழக்கம் உங்கள் ஊரில் இருந்ததென்றால் அதை மீட்கப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து மாதச் சம்பளம் அனுப்புவதைவிட அது நீடிக்கும்.

அளக்க மூன்று விஷயம் போதும். ஆயக்கட்டில் இருக்கும் நான்கைந்து கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து பள்ளிச் சுவரில் எழுதுவது, கண்மாயில் எந்தத் தேதிவரை தண்ணீர் நின்றது என்பது, மண்வள அட்டையின் கரிமச் சத்து. ஒரு நல்ல மழை ஆண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஒரு வறட்சி ஆண்டும் கடந்த பிறகே கணக்குத் தெளியும்.

மூன்றாம் ஆண்டு குழுவின் நிர்வாகப் பொறுப்பை ஊர்க்காரர் இருவருக்கு மாற்றுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வரவுசெலவை நீங்கள் கேட்டுப் பெறுவதற்குப் பதிலாக, அவர்கள் கிராம சபையில் படிக்கட்டும். அதற்குள் கீழூர்க்காரர்கள் தங்கள் கால்வாயைப் பற்றிப் பேச வந்திருப்பார்கள், அவர்களுக்கும் படி 1 தான்.